அழகர் இறங்கிய பெரிய வெள்ளி



விடுமுறை, செய்தித்தாள், வாசிப்பு மூன்றையும் சேர்த்து இந்த நூலக வாசகர் வட்டத்தில் ஒரு கத்தோலிக்கன் பேச வேண்டுமாம். விடுமுறை என்றதும் நான் கிறிஸ்துமஸ் கேக்கில் ஆரம்பிப்பேன் என்று எதிர்பார்ப்பீர்கள். என் நினைவுக்கு வருவது 2019 ஏப்ரல்தான்.

மதுரைக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஏப்ரல் 18, வியாழக்கிழமை, மீனாட்சியம்மன் தேரோட்டம். அன்றைக்கே நாடாளுமன்றத் தேர்தல். எங்களுக்கோ பெரிய வியாழன்; சாயந்தரம் பாதம் கழுவும் சடங்கு, ராத்திரி ஆராதனை. திருவிழாவைச் சொல்லி ஒரு தரப்பும் பெரிய வியாழனைச் சொல்லி ஒரு தரப்பும் நீதிமன்றம் போனார்கள். தேர்தல் தேதி மாறவில்லை. மதுரையில் மட்டும் இரண்டு மணி நேரம் கூட்டி, இரவு எட்டு வரை ஓட்டுப் போடலாம் என்றார்கள். மறுநாள் பெரிய வெள்ளி. அதே நாளில் அழகர் ஆற்றில் இறங்கினார்! இங்கே வைகைக் கரையில் நீர்மோர்ப் பந்தல், கீழவெளி வீதியில் சிலுவைப்பாதை. எங்கள் வீட்டு நோன்புக்காரர்கள் மோர்ப் பந்தலைத் தாண்டிக் கோயிலுக்குப் போனதே ஒரு தவம்தான்.

இதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. மார்ச் 21-இலோ அதன் பிறகோ வரும் முதல் பௌர்ணமி. அதை அடுத்த ஞாயிறு ஈஸ்டர். அழகருக்குக் கணக்கு சித்திரா பௌர்ணமி. பல வருடம் எங்களுக்குப் பங்குனி நிலா வாய்க்கும், சில வருடம் சித்திரை நிலா. உரோமாபுரியும் அழகர்மலையும் ஒரே நிலாவைப் பார்த்துத்தான் நாள் குறிக்கின்றன.

அந்த வாரத்துச் செய்தித்தாளுக்கு வருகிறேன். திங்கட்கிழமை பாரீசில் நோத்ருதாம் பேராலயத்தின் கூரை எரிந்தது. உலகமே பதறியது. ஞாயிறு காலை, உயிர்ப்புப் பெருவிழா அன்று, இலங்கையில் குண்டுகள். கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், நீர்கொழும்பு செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், நட்சத்திர ஓட்டல்கள். 250 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். கொச்சிக்கடை எந்த மதத்தாரும் நேர்ச்சையோடு வந்து நிற்கிற கோயில். செய்தித்தாள் அந்த எண்ணிக்கையைத் தந்தது. அதற்கு மேல் அதனால் முடியாது. அடுத்த வாரம் அதற்கு வேறு தலைப்பு வேண்டும். செத்தவர் முகத்தோடு கொஞ்சம் கூடுதலாக உட்கார்ந்திருக்கக் கதையும் கவிதையும்தான் வேண்டியிருக்கிறது.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. 2024 ஜூலை 17 தேதியிட்டு, இலக்கியம் வாசிப்பது பற்றித் திருத்தந்தை பிரான்சிஸ் ஒரு கடிதமே எழுதினார். குருமாணவர்களுக்கென்று தொடங்கி, பிறகு எல்லாருக்குமாக விரித்துக்கொண்டார். விடுமுறையில் சலிப்பும் வெயிலும் சேர்ந்து அழுத்தும்போது ஒரு நல்ல புத்தகம் ஆளைக் காப்பாற்றும் என்கிறார். நம் கத்திரி வெயிலைப் பார்க்காமலே எழுதியிருக்கிறார்! இருபத்தெட்டு வயதில் அர்ஜென்டினாவில் இலக்கிய வாத்தியாராக இருந்தவர் அவர். பையன்கள் பழைய காவியம் வேண்டாம், கவிஞர் லோர்கா வேண்டும் என்றார்களாம். காவியத்தை வீட்டில் படியுங்கள், வகுப்பில் உங்களுக்குப் பிடித்தவரைப் பேசுவோம் என்று விட்டுக்கொடுத்தார். இப்படி ஒரு வாத்தியார் நமக்கு வாய்த்திருந்தால், தமிழ்நாட்டில் பாதிப் பேர் புலவர் ஆகியிருப்பார்கள்.

இப்போது என் சனத்தையே கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 1606-இல் இந்த மதுரைக்கு வந்து, தத்துவ போதகர் என்று பேர் வாங்கிய இராபர்ட் தெ நோபிலியை மேடைக்கு மேடை புகழ்கிறோம். வீரமாமுனிவர் என்றால் கைதட்டுகிறோம். அவருடைய தேம்பாவணியில் 3,615 பாட்டு. அதில் முப்பது பாட்டாவது நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? சுவரில் படம் மாட்டிவிட்டு நூலைத் திறக்காமல் இருப்பது பக்தியும் இல்லை, தமிழும் இல்லை. அதைப் படிக்கிறவர்களில் இந்து நண்பர்களே அதிகம் என்பது என் அனுபவம். அவர்களுக்கு நன்றி, எங்களுக்கு வெட்கம்.

நூலகர் அய்யாவிடம் ஒரு வேண்டுகோள். தேம்பாவணியைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைக்காமல், வீட்டுக்குக் கொடுக்கும் வரிசையில் வையுங்கள். பங்குச் சாமியார்களே, வரும் தவக்காலத்தில் சிலுவைப்பாதை முடிந்ததும் வெள்ளிக்கிழமைதோறும் பத்துப் பாட்டாவது கோயிலில் வாசிக்க வையுங்கள். நூலக உறுப்பினர் அட்டை இல்லாதவர்கள் இன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.