கரண்டியை நம்புங்கள்: வீட்டிலேயே செய்யும் தேன் கிச்சாப் கோழி

(மஸ்ஜித் இந்தியா வட்டார மூத்தோரிடம் உணவியல் அதிகாரி ஆற்றிய உரை)

 

இன்று நான் எதையும் “சாப்பிடாதீர்கள்” என்று சொல்ல வரவில்லை. அதைச் சொல்ல வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். நாளைக்கு நான்கு தடவை சொல்லிக்கொண்டுதான் இருப்பார்கள்.

ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் எந்த நாசி கண்டார் கடைக்குள் நுழைந்தாலும், கண்ணாடிக்குப் பின்னால் தேன் கோழியும் கிச்சாப் கோழியும் பளபளவென்று அடுக்கியிருக்கும். பார்த்ததும் நாக்கில் நீர் ஊறும். உங்களில் பலர் அந்தக் கோழியை எட்ட நின்று பார்த்துவிட்டுத் திரும்பி விடுகிறீர்கள். சிலர் யாருக்கும் தெரியாமல் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கிளினிக்கில் ரத்தம் எடுக்கும் நாளில் கவலைப்படுகிறீர்கள். இரண்டுமே வேண்டாம். அதே கோழியை வீட்டில், அளந்து, நிம்மதியாகச் செய்து சாப்பிடலாம். அதைத்தான் இன்று பேசப்போகிறோம்.

ஏன் அளக்க வேண்டும்?

2018-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வு மூத்தோரைப் பற்றி ஒரு கணக்கு எடுத்தது. நம் நாட்டில் 60 வயதைத் தொட்டவர்களில் இரண்டு பேரில் ஒருவருக்கு ரத்த அழுத்தம். நான்கு பேரில் ஒருவருக்கு மேல் நீரிழிவு. இந்த அறையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பாருங்கள். உங்கள் இருவரில் ஒருவருக்கு இருக்கும்.

இனிப்பும் உப்பும் சேர்ந்த கோழியில் ஒரு சிக்கல் உண்டு. இனிப்பு உப்பை மறைக்கும், உப்பு இனிப்பை மறைக்கும். இரண்டும் அதிகமாக இருந்தாலும் நாக்கு “சரியாக இருக்கிறது” என்றே சொல்லும். அதோடு, வயது ஏற ஏற நாக்கின் சுவையும் மூக்கின் வாசனையும் மங்குகின்றன. முப்பது வயதில் போட்ட உப்பு எழுபது வயதில் போதாதது போலத் தோன்றும். நமக்குத் தெரியாமலே கை கூடப் போட்டுவிடும். அது சமைப்பவர் குற்றம் அல்ல, வயதின் இயல்பு.

என் அம்மாவுக்கும் நீரிழிவு உண்டு. நாற்பது வருடமாகக் கிச்சாப் கோழி செய்கிறவர். “எவ்வளவு கிச்சாப் ஊற்றுகிறீர்கள்?” என்று கேட்டேன். “என்ன, ரெண்டு கரண்டி இருக்கும்” என்றார். ஒரு காலிக் கிண்ணத்தைக் கொடுத்து, சட்டியில் ஊற்றுவது போலவே அதில் ஊற்றச் சொன்னேன். பிறகு இருவரும் மேசைக்கரண்டியால் அளந்தோம். ஐந்து கரண்டி வந்தது. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்போ இத்தனை நாளும் நான்தானா எனக்கே செஞ்சுக்கிட்டேன்?” என்று கேட்டார்.

கிச்சாப் மானிஸ் வகைகள் பலவற்றில் ஏறத்தாழ பாதி சர்க்கரைதான். ஒரு மேசைக்கரண்டியில் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை இருக்கலாம். ஐந்து கரண்டி என்றால் பத்துத் தேக்கரண்டி. நீங்களும் இன்று வீட்டுக்குப் போய் இந்தக் கிண்ணச் சோதனையைச் செய்து பாருங்கள். யாரும் திட்ட மாட்டார்கள். உங்கள் கை எவ்வளவு ஊற்றுகிறது என்று உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

தேனும் சர்க்கரைதான்

“தேன் மருந்தாயிற்றே, நாட்டுச் சர்க்கரையும் குலா மலாக்காவும் ஒன்றும் செய்யாதே” என்று பலர் கேட்கிறார்கள். ரத்தத்துக்குள் போனபின் எல்லாம் சர்க்கரையே. ஒரு மேசைக்கரண்டித் தேனில் சுமார் 17 கிராம் சர்க்கரை இருக்கிறது. வாசனைக்காகக் கொஞ்சம் சேர்க்கலாம். ஆனால் சர்க்கரைக்குப் பதிலாகத் தாராளமாக ஊற்றக் கூடாது.

நான்கு பேருக்குத் தேவையானவை

• தோல் நீக்கிய கோழித்தொடை 4 துண்டு (500 முதல் 600 கிராம்)
• இஞ்சி பூண்டு விழுது 1 மேசைக்கரண்டி
• மஞ்சள் தூள் அரைத் தேக்கரண்டி, மிளகுத் தூள் 1 தேக்கரண்டி
• எலுமிச்சைச் சாறு 1 மேசைக்கரண்டி
• பெரிய வெங்காயம் 2, மெல்லியதாக நறுக்கியது
• காய்ந்த மிளகாய் 3, பட்டை 1 துண்டு, ஏலக்காய் 2
• எண்ணெய் 1 மேசைக்கரண்டி

கடைசியில் சேர்க்கும் பூச்சுக்கு:

• கிச்சாப் மானிஸ் 1 மேசைக்கரண்டி
• உப்புக் கிச்சாப் 2 தேக்கரண்டி
• தேன் 2 தேக்கரண்டி
• கெட்டியான புளிக்கரைசல் 2 மேசைக்கரண்டி

தனியாக உப்பு வேண்டாம். கிச்சாப்பில் இருக்கும் உப்பே போதும். தேக்கரண்டி என்றால் 5 மில்லி, மேசைக்கரண்டி என்றால் 15 மில்லி. வீட்டுக் கரண்டிகள் பல அளவில் இருக்கும். ஆகவே கடையில் கிடைக்கும் அளவுக் கரண்டிச் செட் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

செய்முறை

1. கோழியில் இஞ்சி பூண்டு, மஞ்சள், மிளகு, எலுமிச்சைச் சாறு தடவி, மூடி, அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வையுங்கள். மேசையில் வைக்காதீர்கள்.

2. குவாலியில் எண்ணெய் விட்டுப் பட்டை, ஏலக்காய், மிளகாய் போட்டு, வெங்காயத்தைச் சிறு தீயில் பத்து நிமிடம் வதக்குங்கள். அவசரம் வேண்டாம். வெங்காயம் பொன்னிறமாகும்போது அதன் சொந்த இனிப்பு வெளியே வரும். தேனைக் குறைத்த இடத்தை அந்த இனிப்பு நிரப்பும்.

3. கோழியைப் போட்டு இருபுறமும் நான்கு நான்கு நிமிடம் சிவக்க விடுங்கள். அரைக் கப் தண்ணீர் ஊற்றி, மூடி, சிறு தீயில் 20 நிமிடம் வேக வையுங்கள். எலும்பருகே குத்திப் பாருங்கள். வரும் சாறு தெளிவாக இருக்க வேண்டும், உள்ளே இளஞ்சிவப்பு நிறம் தெரியக் கூடாது.

4. மூடியை எடுத்து, தண்ணீர் வற்றிக் கொஞ்சமாக இருக்கும்போது பூச்சைக் கலக்கி ஊற்றுங்கள். மூன்று நான்கு நிமிடம் கோழியைப் புரட்டிப் புரட்டி எடுங்கள். பளபளவென்று ஒட்டியதும் அடுப்பை அணைத்து விடுங்கள்.

பூச்சை ஏன் கடைசியில் ஊற்றுகிறோம்? முதலிலேயே ஊற்றினால் சர்க்கரை அடியில் கருகும். குழம்பில் கலந்த இனிப்பும் உப்பும் பரவிப்போய்ச் சுவை தெரியாது. உடனே இன்னும் ஊற்றத் தோன்றும். கடைசியில் சேர்த்தால் பூச்சு கோழியின் மேலேயே நிற்கும். நாக்கு முதலில் தொடுவதும் அந்த மேற்பரப்பைத்தான். அதனால் கொஞ்சம் போட்டாலும் நிறையத் தெரியும். புளியின் புளிப்பு உப்புக் குறைவை மறைத்துவிடும்.

இப்படிச் செய்தால் ஒருவருக்குப் பூச்சிலிருந்து வருவது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி சர்க்கரை, சுமார் ஒரு கிராம் உப்பு. பிராண்டுக்குப் பிராண்டு இது சற்று மாறும். ஒரு நாள் முழுவதற்கும் சேர்த்து உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பாட்டில் லேபிளில் சோடியம் அல்லது நாத்ரியும் என்று பாருங்கள். 400 மில்லிகிராம் சோடியம் என்றால் ஒரு கிராம் உப்பு. எழுத்து பொடியாக இருந்தால் பேரப்பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

தட்டில் எப்படி வைப்பது?

சுகாதார அமைச்சு சொல்லும் “சுக்கு சுக்கு செப்பாரோ” உங்களுக்குத் தெரிந்திருக்கும். கால் தட்டு சோறு, கால் தட்டு கோழி, அரைத் தட்டு காய்கறியும் பழமும். கங்குங், பயற்றங்காய், வெண்டைக்காய், வெள்ளரிக்காய் எதுவானாலும் சரி. சௌக்கிட் சந்தையில் எல்லாம் கிடைக்கும். காய்கறிக்கும் கிச்சாப் ஊற்றிவிடாதீர்கள். பூண்டும் மிளகும் போதும். பக்கத்தில் தே தாரிக்கோ சிராப்போ இருந்தால், கோழியில் குறைத்த சர்க்கரை முழுவதும் கிளாஸில் திரும்பி வந்துவிடும். வெறும் தண்ணீர் குடியுங்கள்.

பல் சரியில்லை என்று இறைச்சியை விட்டுவிட்டுச் சோறும் ரசமும் மட்டும் சாப்பிடுகிறவர்கள் உண்டு. புரதம் குறைந்தால் தசை இளைக்கும், கால் தளரும், விழும் ஆபத்து கூடும். அவர்கள் கோழியைச் சிறு துண்டாக வெட்டி, இன்னும் பத்து நிமிடம் கூட வேக வைத்து, நார் நாராகப் பிய்த்துச் சாப்பிடலாம்.

தனியாக இருப்பவர்கள் முதல் மூன்று படிகள் வரை செய்து, ஒரு வேளைக்கு வேண்டியதைப் பெட்டிகளில் பிரித்து உறைபெட்டியில் வைக்கலாம். பூச்சை அன்றன்றைக்குச் சேருங்கள். ஒரு துண்டுக்கு எல்லாம் கால் பங்கு.

கவனிக்க வேண்டியவை

• பச்சைக் கோழியைக் குழாயடியில் கழுவினால் கிருமி சுற்றிலும் தெறிக்கும். கழுவியே ஆக வேண்டும் என்றால் பாத்திரத்துத் தண்ணீரில் மெதுவாக அலசி, பிறகு தொட்டியையும் கையையும் சோப்பால் கழுவுங்கள். கோழி வெட்டிய பலகையில் வெள்ளரிக்காய் வெட்டாதீர்கள்.

• மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வையுங்கள். மறுபடி சாப்பிடும்போது ஆவி பறக்கச் சூடு செய்யுங்கள்.

• சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கோழி எவ்வளவு சாப்பிடலாம் என்று மருத்துவரிடமோ உணவியல் அதிகாரியிடமோ கேளுங்கள். “உப்புக்கு மாற்று” என்று விற்கும் பொட்டாசியம் உப்பைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

• இன்சுலினோ நீரிழிவு மாத்திரையோ எடுப்பவர்கள் பயந்துபோய்ச் சோற்றை அடியோடு விட்டுவிடக் கூடாது. சர்க்கரை தாழ்ந்துவிடும். கை நடுங்கி, வியர்த்து, தலை சுற்றினால் உடனே ஒரு மேசைக்கரண்டித் தேனோ, மூன்று தேக்கரண்டி சர்க்கரை கலந்த தண்ணீரோ குடியுங்கள். 15 நிமிடத்தில் மறுபடி சோதியுங்கள். சரியாகாவிட்டால் இன்னொரு முறை குடித்துவிட்டு உதவிக்கு ஆளைக் கூப்பிடுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 999-க்கு அழையுங்கள்.

ஐயா, அம்மா, சமையல் உங்களுக்குத் தெரியாததல்ல. எங்களுக்கே நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். உங்கள் கைப்பக்குவத்தை மாற்றச் சொல்லவில்லை. அந்தக் கையில் ஒரு அளவுக் கரண்டியைக் கொடுக்கிறேன், அவ்வளவுதான்.

என் அம்மா இப்போது கிச்சாப் பாட்டில் கழுத்தில் ரப்பர் பேண்ட் போட்டு ஒரு கரண்டியைக் கட்டி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகள் வந்தால் அதே கோழிதான். அவரும் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார். நீங்களும் அப்படிச் சாப்பிட வேண்டும் என்பதே என் ஆசை. அடுத்த முறை கிளினிக்குக்கு வரும்போது, உங்கள் கிண்ணச் சோதனையில் எத்தனை கரண்டி வந்தது என்று தாதியிடமோ எங்களிடமோ சொல்லுங்கள். அங்கிருந்தே பேச்சைத் தொடங்கலாம்.

 உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.