ரிப்பீட்டரில் பேசுவதற்கு முன்

நம் குடியிருப்பில் ஹாம் ரேடியோ உரிமத்துக்குப் படிக்கிறவர்கள் சிலர் இருப்பதால் இதைச் சொல்கிறேன்.

ரிப்பீட்டர் ஒரு அலைவரிசையில் கேட்பதை உடனே இன்னொன்றில் பலமாக ஒலிபரப்பும். 5 வாட் கைக்கருவிகூட அதனால் ஊர் முழுக்கக் கேட்கும். ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். சம்பள நாளில் ஒரே கவுன்ட்டர் திறந்திருக்கும் பேங்க் மாதிரிதான்!

முதலில் காது கொடுங்கள். யாரும் பேசவில்லை என்றால் உங்கள் கால்சைனைச் சொல்லி ஆரம்பியுங்கள். எதிராளி முடித்த கையோடு பட்டனை அமுக்காதீர்கள். இரண்டு மூன்று விநாடி விடுங்கள். எங்கோ விபத்தைப் பார்த்தவர் அந்த இடைவெளியில்தான் ‘பிரேக்’ சொல்லி உள்ளே வர முடியும். 2015 சென்னை வெள்ளத்தில் செல்போன்கள் செயலிழந்தபோது ஹாம்கள்தான் பல செய்திகளைக் கடத்தினார்கள்.

வியாபாரப் பேச்சு சட்டப்படியே கூடாது. எதிர் பிளாக் நண்பரோடு பேச ரிப்பீட்டர் எதற்கு? நேரடி அலைவரிசைக்கு மாறிக்கொள்ளுங்கள்.