தீப்பொறியும் லேசர் பிளாஸ்மாவும்



பெங்களூரின் அடுகோடியில் 1950-களில் மைக்கோ தொழிற்சாலை தன் உற்பத்தியைத் தொடங்கிற்று. ஜெர்மானிய பாஷ் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் ஸ்பார்க் பிளக்குகளும், டீசல் எஞ்சின்களுக்கான எரிபொருள் பம்புகளும் அங்கு உருவாயின. ஸ்பார்க் பிளக்கின் முனையில் மின்னி மறையும் பொறி, பொருளின் நான்காம் நிலையாகிய பிளாஸ்மாவேயாகும். அதாவது அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து நிற்கும் வாயு. டீசல் எஞ்சினுக்கோ பொறி தேவையில்லை. காற்றை நெருக்குவதால் எழும் வெப்பமே எரிபொருளைப் பற்றவைத்துவிடுகிறது. லேசர் கொண்டு செய்யப்படும் உயர் ஆற்றல் அடர்த்தி ஆராய்ச்சியை விளங்கிக்கொள்ள இவ்விரண்டையும் நினைவில் கொண்டால் போதும்.

ஒரு கன மீட்டரில் 10,000 கோடி ஜூல் ஆற்றல் செறிந்திருக்குமானால் அதனை உயர் ஆற்றல் அடர்த்தி நிலை என்பர். அங்கு நிலவும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 10 லட்சம் மடங்கு. விண்மீன்களின் உட்புறத்தில் இயல்பாகக் காணப்படும் இந்நிலையை ஓர் அறைக்குள் உண்டாக்குவது எங்ஙனம்? ஆற்றலைப் பெருக்க வேண்டுவதில்லை. காலத்தைச் சுருக்கினால் போதும். 100 டெராவாட் திறனுள்ள லேசர், இந்தியாவின் மின் நிலையங்கள் அனைத்தின் நிறுவுதிறனைப் போல் ஏறக்குறைய 200 மடங்கு திறன் கொண்டது. ஆனால் அத்துடிப்பு நீடிப்பது 25 பெம்டோவினாடி மட்டுமே. அதில் அடங்கிய ஆற்றலோ ஒரு கிலோ அரிசியைக் கால் மீட்டர் உயரம் தூக்கத்தான் காணும்! துடிப்பை முதலில் நீட்டி, வலுவூட்டி, பின்னர் சுருக்கும் இவ்வுத்தியை 1985-இல் டோனா ஸ்டிரிக்லண்டும் ஜெரார் மூரூவும் வெளியிட்டனர். 2018-இல் நோபல் பரிசு பெற்றனர்.

மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஜி. ரவீந்திர குமார் குழுவினர் இத்தகைய துடிப்புகளைத் திண்மப் பொருளின்மீது செலுத்தி வந்துள்ளனர். எலக்ட்ரான்கள் வெள்ளமாய்ப் பாய, மெகாகாஸ் அளவில், அதாவது பூமியின் காந்தப் புலத்தைவிடப் பல லட்சம் மடங்கு வலிய காந்தப் புலம் தோன்றுகிறது. மென்மையான இரண்டாவது துடிப்பைச் சற்றுத் தாமதித்து அனுப்பி, அதன் முனைவாக்கம் திரும்பும் அளவைக் கொண்டு அப்புலத்தை அளக்கின்றனர். அப்புலம் ஆற்று வெள்ளம் போல் சுழித்துக் கொந்தளிப்பதைக் காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தாருடன் சேர்ந்து 2012-இல் வெளியிட்டனர். வானியலார் தொலைவிலிருந்தே ஊகித்து வந்த கொந்தளிப்பு, மேசை மீது கிடைத்தது.

அணுக்கருப் பிணைப்பு இதனினும் பெரிய அளவிலான பணி. அமெரிக்காவின் தேசியப் பற்றவைப்பு நிலையத்தில் 192 கற்றைகள் ஹைட்ரஜன் எரிபொருளை நெருக்குகின்றன. நெருக்கமே நடுவில் பொறியை எழுப்புகிறது. 2022 டிசம்பர் 5 அன்று 2.05 மெகாஜூல் ஒளி செலுத்தி 3.15 மெகாஜூல் பெற்றனர். எனினும் லேசரை இயக்க மின்தொடரிலிருந்து எடுத்தது சுமார் 300 மெகாஜூல்.  மின் உற்பத்தி இன்னும் தொலைவில் உள்ளது.

இந்தியாவுக்குள்ள குறை வேறு. ஆராய்ச்சி நம்முடையது; மீச்சிறு துடிப்பு லேசர்களோ பெரும்பாலும் வெளிநாட்டுத் தயாரிப்புகள். பழுதானால் உதிரி உறுப்புக்குக் காத்திருக்க வேண்டும். மைக்கோ பம்பின் உந்துதண்டுக்கும் உருளைக்கும் இடைவெளி சில மைக்ரோமீட்டரே. லேசர் குவியும் புள்ளியும் அதே அளவு வரிசைதான். அந்த நுட்பத்தை அடுகோடியின் தொழிலாளர் பட்டறையிலேயே கற்றுத் தேர்ந்தனர். 1984-இல் அடிக்கல் நாட்டப்பட்ட இந்தூர் உயர் தொழில்நுட்ப மையம், இன்றைய ராஜா ராமண்ணா மையம், நியோடிமியம் கண்ணாடி லேசர்களைத் தானே அமைத்தது. அவ்வகைக் கண்ணாடியை உருக்கும் முயற்சி கொல்கத்தாவின் மத்தியக் கண்ணாடி, பீங்கான் ஆய்வு நிறுவனத்தில் நடந்தது.