ஐந்து நிமிடத் தடை வேண்டாம்

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர இயலாத சிலர் கேட்டதால் இங்கே தரப்படுகிறது.)



2004 நவம்பரில் தென்கொரியாவில் ஒரு அரையிறுதிப் போட்டி நடந்தது. ஐந்து ஆட்டங்களில் மூன்றை ஜெயிப்பவர் இறுதிக்குப் போவார். ஒரு பக்கம் லிம் யோ-ஹ்வான். ரசிகர்கள் அவரைச் சக்கரவர்த்தி என்றே அழைத்தார்கள். மறுபக்கம் ஹாங் ஜின்-ஹோ. அவருக்குப் புயல் என்று பெயர். இருவரும் பல வருடமாக மோதி வருபவர்கள். முதல் ஆட்டத்தில், ஹாங் வீடு கட்டிக் குடியேறுவதற்குள் லிம் ஆள் அனுப்பி, அவர் வாசலிலேயே ஒரு பதுங்குகுழி கட்டி, ஆட்டத்தை முடித்துவிட்டார். இரண்டாவது ஆட்டத்திலும் அதையே செய்தார். மூன்றாவது ஆட்டத்திலும் அதையேதான் செய்தார். மூன்றுக்குப் பூஜ்யம். நீண்ட யுத்தம் பார்க்கலாம் என்று உட்கார்ந்த ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். சக்கரவர்த்தி செய்கிற வேலையா இது என்று கேட்டார்கள்.

அந்த விளையாட்டின் பெயர் ஸ்டார்கிராஃப்ட். நம் சமுதாயக் கூடத்தில் கோடை விடுமுறையில் பிள்ளைகள் லேப்டாப்களை வரிசையாக வைத்து ஆடினார்களே, அதேதான். 1998-இல் வந்த விளையாட்டு. 2017-இலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. நம் போட்டியிலும் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் லிம் செய்ததைத்தான் செய்தான். நான்கைந்து நிமிடத்தில் இரண்டு சுற்றுகளை முடித்துவிட்டான். "இது ஒரு ஆட்டமா, குறுக்கு வழி" என்று சில பெற்றோர் எழுத்து மூலம் புகார் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த போட்டியில் முதல் ஐந்து நிமிடம் யாரும் யாரையும் தாக்கக் கூடாது என்று விதி கொண்டுவரும் யோசனை செயற்குழு முன் இருக்கிறது. அந்த விதி வேண்டாம் என்று சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

விளையாட்டு தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆளுக்கு நான்கு வேலையாட்கள், கையில் 50 மினரல். இதுதான் முதல். வேலையாட்கள் கனிமத்தை வெட்டிக் கொண்டுவருவார்கள். அதைச் செலவு செய்து இன்னும் வேலையாட்களைச் சேர்க்கலாம், கட்டடம் கட்டலாம், படை திரட்டலாம். சதுரங்கம் மாதிரி நான் ஒரு காய் நகர்த்தினால் அப்புறம் நீங்கள் என்ற முறை கிடையாது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், எதிராளியின் பக்கம் இருட்டு. ஒரு ஆளை அனுப்பிப் பார்த்தால்தான் அங்கே என்ன நடக்கிறது என்று தெரியும். அனுப்பிய ஆள் அந்த நேரம் சம்பாதிக்க மாட்டான். தகவலுக்கும் விலை உண்டு.

ஹாங் ஆடியது ஸெர்க் என்ற இனம். அந்த இனத்துக்காரர் ஆரம்பத்திலேயே ஒரு முடிவெடுக்க வேண்டும். 300 மினரல் போட்டு இரண்டாவது கூடு வைக்கலாம். நம் பாஷையில் புதிய கிளை திறப்பது. வருமானம் பெருகும், ஆனால் பலன் பின்னால்தான் வரும். அதுவரை வாசலில் காவலாள் இல்லை. அதே 300-க்கு ஆறு வேலையாட்கள் கிடைப்பார்கள், அல்லது பன்னிரண்டு சண்டைப் பிராணிகள் கிடைக்கும். அவற்றைப் பொரிக்க முதலில் 200 கொடுத்து ஒரு குளம் கட்டியிருக்க வேண்டும். கிளையை முதலில் திறப்பவர் பேராசைக்காரர். குளத்தை முதலில் கட்டிக் காவல் போடுபவர் ஜாக்கிரதைக்காரர். இருக்கிற எல்லாவற்றையும் உடனே படையாக்கி எதிர்வீட்டுக்கு அனுப்புபவர் துணிச்சல்காரர்.

இந்த மூன்று பேரையும் மோதவிட்டுப் பாருங்கள். துணிச்சல்காரர் பேராசைக்காரரை அடிப்பார், ஏனென்றால் வாசலில் ஆளில்லை. ஜாக்கிரதைக்காரர் துணிச்சல்காரரை அடிப்பார், ஏனென்றால் காவல் தயார். வந்தவர் வீட்டில் ஒன்றும் மிச்சமில்லை. பேராசைக்காரர் ஜாக்கிரதைக்காரரை அடிப்பார். யாருமே வராத வாசலில் காவல் போட்ட செலவு இவருக்கு இல்லையே! சிறுவர்கள் ஆடும் கல், காகிதம், கத்தரிக்கோல் மாதிரிதான். எதையும் எப்போதும் சிறந்தது என்று சொல்ல முடியாது.

லிம் எடுத்த துணிச்சலின் கணக்கையும் பாருங்கள். படைக்கூடம் 150, வீரன் தலைக்கு 50, பதுங்குகுழி 100. அதில் நாலு பேர் பதுங்கலாம். அதைக் கட்டவும் அடிபட்டால் பழுது பார்க்கவும் கனிமம் வெட்டிக்கொண்டிருந்த வேலையாட்களைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அவர்கள் போன நேரமெல்லாம் வருமானம் நின்றுபோகும். தாக்குதல் தோற்றால் வட்டியும் போச்சு, முதலும் போச்சு. கட்டிய குழியை இடித்துக் காசாக்க முடியாது. இதைத்தான் குறுக்கு வழி என்கிறார்கள். பிள்ளைகள் இந்த மாதிரி ஆட்டத்தை 'சீஸ்' என்கிறார்கள். பாலாடைக்கட்டிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அவர்களுக்கும் தெரியவில்லை.

எனக்கு ஆச்சரியம் அந்த மூன்றாவது ஆட்டம்தான். ஹாங் என்ன நினைத்தார் என்பது அவருக்குத்தான் தெரியும். நீங்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முறை அடி வாங்கிவிட்டீர்கள். இப்போது காவல் போடலாம். ஆனால் எதிரே இருப்பவர் முட்டாள் இல்லையே. 'இவர் இந்த முறை காவல் போடுவார்' என்று அவருக்கும் தெரியும். அவர் நிதானமாகக் கிளை திறந்தால் காவலுக்குப் போட்ட உங்கள் பணம் வீண், பின்தங்கிவிடுவீர்கள். ஆகவே காவல் வேண்டாம் என்று தோன்றும். அப்படித் தோன்றும் என்பதும் எதிரே இருப்பவருக்குத் தெரியும். லிம் ஆடியது வீரனையும் குழியையும் வைத்து மட்டுமல்ல, மூன்றாவது முறையும் ஒருவர் அதையே செய்யமாட்டார் என்ற நம் எல்லோருடைய நம்பிக்கையை வைத்து.

வங்கிக் கவுண்ட்டரில் முப்பது வருடத்துக்கு மேல் உட்கார்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. திடீர் ரொக்கச் சரிபார்ப்பு என்று ஒன்று உண்டு. சம்பந்தமில்லாத ஒரு அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்து பெட்டகத்தைத் திறக்கச் சொல்லி எண்ணுவார். வருடத்தில் சில முறைதான் வருவார். மற்ற எல்லா நாளும் கணக்கு ஒழுங்காக இருப்பதற்கு அந்தச் சில நாள் காரணம். மாதம் ஐந்தாம் தேதிதான் வருவார் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் ஐந்தாம் தேதி மட்டும் எல்லாம் சரியாக இருக்கும். ஒன்பதாம் வகுப்புப் பையன் நம் போட்டியில் அந்த அதிகாரி. அவன் வராத ஆட்டத்திலும், வரக்கூடும் என்பதால்தான் மற்றவர்கள் வாசலைப் பார்க்கிறார்கள். அவனை ஐந்து நிமிடம் வரவே கூடாது என்று சொன்னால் எல்லோரும் கிளைமேல் கிளையாகத் திறப்பார்கள். ஆள் அனுப்பிப் பார்க்கவும் வேண்டாம், எதிராளியைப் பற்றி யோசிக்கவும் வேண்டாம். அப்புறம் அது கூட்டல் கணக்கு.

துணிச்சலே எப்போதும் ஜெயிக்கும் என்று நான் சொல்லவரவில்லை. அதே 2004 நவம்பரில் இறுதிப் போட்டியில் லிம் தோற்றார். தோற்கடித்தவர் அவருடைய அணியிலேயே இருந்த சோய் யோன்-சோங். அவரை அணிக்குக் கொண்டுவந்ததே லிம்தான். சோய் வேறு ரகம். நிதானமாக வருமானத்தைப் பெருக்கி, மலைபோல் படை திரட்டி வருவார். இத்தனை படை எங்கிருந்து வந்தது, ஏதோ திருட்டு வேலை செய்கிறாரோ என்று ரசிகர்கள் வேடிக்கையாகப் பட்டப்பெயரே வைத்தார்கள். மூன்றுக்கு இரண்டு என்று சோய் ஜெயித்தார், லிம் மேடையில் அழுதார். ஹாங் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பெரிய தனிநபர் லீக் பட்டம் ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை. 'இரண்டாம் இடத்துக்காரர்' என்று நாடு முழுக்கக் கேலி. 2013-இல் 'தி ஜீனியஸ்' என்ற மூளை விளையாட்டு டி.வி. நிகழ்ச்சியின் முதல் பருவத்தில் அவர்தான் முதல் இடம். எனக்கு மிகவும் பிடித்த செய்தி அது.

துணிச்சலிலும் இரண்டு வகை உண்டு என்பதற்கு 2007 மார்ச் 3 நல்ல உதாரணம். மா ஜே-யூன் என்ற ஸெர்க் ஆட்டக்காரர் அப்போது உச்சத்தில் இருந்தார். இறுதியில் அவருக்கு எதிரே கிம் தேக்-யோங் என்ற இளைஞர். கிம் ஆடிய ப்ரோட்டாஸ் இனம் ஸெர்க்கிடம் வழக்கமாகத் திணறும். கிம் விமானங்களை அனுப்பி, ஸெர்க்கின் கண்களாக வானில் மிதக்கும் பிராணிகளைத் தேடித்தேடி வீழ்த்தினார். கண் போனபின், கண்ணுக்குத் தெரியாத வீரர்களை உள்ளே விட்டார். மூன்றுக்குப் பூஜ்யம். இது கண்ணை மூடிக்கொண்டு குதித்ததல்ல, எதிராளியின் கண்ணை மூடிவிட்டுக் குதித்தது.

கம்ப்யூட்டரே ஆடினால் இந்தச் சிக்கல் இருக்காது என்று நினைப்பவர்களுக்கும் ஒரு கதை இருக்கிறது. டீப்மைண்ட் நிறுவனம் ஆல்ஃபாஸ்டார் என்ற நிரலை இந்த விளையாட்டின் இரண்டாம் பாகத்துக்காக உருவாக்கியது. 2018 டிசம்பரில் டி.எல்.ஓ., மானா என்ற பெயர்களில் ஆடும் இரண்டு தொழில்முறை ஆட்டக்காரர்களை அது தலா ஐந்துக்குப் பூஜ்யம் என்று வென்றது. 2019 ஜனவரி 24 அன்று நேரலையில் அதன் இன்னொரு வடிவத்தோடு மானா மறுபடி மோதினார். பறக்கும் வண்டி ஒன்றில் இரண்டு கனரக வீரர்களை ஏற்றி, எதிரியின் வீட்டுக் கொல்லையில் இறக்கினார். ஆல்ஃபாஸ்டார் தன் மொத்தப் படையையும் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தது. மானா ஆட்களை ஏற்றிக்கொண்டு பறந்துவிட்டார். படை மறுபடி புறப்பட்டது. அவர் மறுபடி இறக்கினார். மறுபடி மொத்தப் படையும் திரும்பியது. இரண்டு பேரை வைத்து ஒரு சேனையை நடக்கவிட்டுக்கொண்டே, அதை வெல்லப் போதுமான படையை நிதானமாகச் சேர்த்துவிட்டார் மனிதர்.

அதே வருடம் அக்டோபரில் நேச்சர் இதழில் வந்த கட்டுரையைப் பாருங்கள். அதற்குள் ஆல்ஃபாஸ்டார் தரவரிசையில் உள்ள ஆட்டக்காரர்களில் 99.8 சதவீதம் பேரைவிட மேலே போயிருந்தது. தன்னோடு தானே ஆடிப் பழகினால் மட்டும் போதாது என்று கண்டு, ஒரு லீகே நடத்தினார்கள். அதில் சில ஆட்டக்காரர்களின் வேலை எல்லோரையும் ஜெயிப்பதல்ல. முதன்மை ஆட்டக்காரர் எங்கே ஓட்டை விடுகிறார் என்று கண்டுபிடித்து அங்கே அடிப்பது. நம் பையன் அந்த வேலையைச் சம்பளமில்லாமல் செய்திருக்கிறான். அவனைத் தடுக்க விதி போடப் பார்க்கிறோம்.

புகார் கொடுத்த பெற்றோரின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஒரு வாரம் பழகிய பிள்ளை நான்கு நிமிடத்தில் எழுந்து வெளியே வந்தால் யாருக்கும் மனசு கேட்காது. ஆனால் அதற்குக் காரணம் தாக்குதல் அல்ல. நாம் ஒரு சுற்றுக்கு ஒரே ஆட்டம் என்று வைத்ததுதான். ஒரே ஆட்டம் என்றால் துணிச்சல்காரருக்குத் தோல்வியின் விலை குறைவு, எதிராளிக்குப் பாடம் கற்க இடமில்லை. மூன்று ஆட்டம் வைத்தால் இரண்டாவதில் அவன் அதையே செய்கிறானா, மாற்றுகிறானா என்று இருவரும் யோசிக்க வேண்டும். ஆட்டம் அங்கேதான் தொடங்குகிறது.

இன்னொன்று மைதானம். இந்த விளையாட்டின் விலைகளையும் பலங்களையும் தயாரித்த நிறுவனம் 2001-க்குப் பிறகு தொடவே இல்லை. கொரியாவில் அதற்குப் பிறகு வருடக்கணக்கில் லீக் நடத்தினார்கள். எந்த இனத்துக்காவது, எந்த உத்திக்காவது கை ஓங்கினால் தடை போடவில்லை. அடுத்த பருவத்துக்கு மைதானத்தை மாற்றினார்கள். வீடுகளுக்கு இடையே தூரம் கூடினால் அவசரத் தாக்குதலின் வேகம் தானாகக் குறையும். நாமும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வேறு மைதானம் கொடுக்கலாம். செலவு எதுவும் கிடையாது.

ஆகவே என் திருத்தம் இதுதான்: ஐந்து நிமிடத் தடை வேண்டாம், சுற்றுக்கு மூன்று ஆட்டம், மூன்றுக்கும் மூன்று மைதானம். பதினாறு பேர் கலந்துகொண்டால் மொத்தம் பதினைந்து மோதல்கள். ஒரு நாளில் முடியாது, சனி, ஞாயிறு இரண்டு நாளும் கூடம் வேண்டும். ஞாயிறு காலை கூடத்தில் யோகா வகுப்பு இருப்பதால், அன்று ஒன்பதரைக்குமேல் தொடங்கலாம் என்று பொருளாளரிடம் பேசி வைத்திருக்கிறேன்.