மேற்கோளும் மருத்துவ ஆராய்ச்சியாளர் பெருமையும்

(அம்பத்தூரில் கூடிய நமது சங்கத்தின் கல்விக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கத்தார் ஆண்டுதோறும் கல்வியிற் சிறந்த இளைஞர்க்குப் பரிசில் அளித்து வருதல் நீங்கள் யாவரும் அறிந்ததே. இனி மருத்துவ ஆராய்ச்சித் துறையிற் புகுந்தார்க்கும் ஒரு பரிசில் வழங்கல் வேண்டுமென நிர்வாக சபையார் கருதியிருக்கின்றனர். அக்கருத்துப் பெரிதும் போற்றத்தக்கது. ஆயின், அதற்குரியாரைத் தெரிந்தெடுக்கும் முறை யாது என்னும் வினா எழுந்தபோது, ‘எவருடைய கட்டுரைகள் தொகையான் மிக்கனவோ, எவருடைய கட்டுரைகளைப் பிறர் மேற்கோளாக மிகுதியும் எடுத்தாண்டனரோ, அவர்க்கே அளித்திடுக’ என்று அன்பர் சிலர் கூறினர். அம்முறை தக்கதா, தகாததா என ஆராய்தலே இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள். யாம் மருத்துவம் கற்றவரல்லோம்; தமிழ் கற்பிக்குந் தொழிலுடையோம். எனினும், மேற்கோள் என்பது தமிழ் படித்தார்க்குப் புதிய பொருள் அன்றாதலின், அதுபற்றிச் சில கூறத் துணிந்தோம்.

மேற்கோளின் பயன் பெரிது. தகடூர் யாத்திரை என்னும் நூல் இறந்துபட்டது. அதன் செய்யுட்களிற் சில இன்று நமக்குக் கிடைப்பன, புறத்திரட்டுத் தொகுத்தாரும் தொல்காப்பிய உரைகாரரும் அவற்றை எடுத்தாண்டமையானேயாம். முத்தொள்ளாயிரத்துள் நூற்றினை ஒட்டிய செய்யுட்களே எஞ்சின; அவற்றையும் புறத்திரட்டே காத்தளித்தது. ஆகவே, பிறரால் எடுத்தாளப்படுதல் ஒரு நூலுக்கு உயிர்நிலை போல்வது என்பதில் ஐயமில்லை.

ஆயினும், எடுத்தாள்வோர் எல்லாரும் போற்றுதற்கே எடுத்தாள்வர் என்று கொள்ளலாகாது. சேனாவரையர் தம் சொல்லதிகார உரையில் இளம்பூரணர் கருத்துக்களைப் பலவிடத்தும் எடுத்துக்காட்டுகின்றார், காட்டுவது மறுத்தற்பொருட்டே. வெறுந்தொகையை மட்டும் எண்ணுவோன் ஒருவன் அம்மறுப்புக்களையும் பாராட்டென எண்ணிக்கொள்வானல்லனோ? இக்குறைபாட்டை மனத்திற் கொண்டு இக்கால முறையை நோக்குவோம்.

ஒரு கட்டுரையைப் பின்னர் எவ்வெவர் எடுத்தாண்டனர் என்று வரிசைப்படுத்தும் முறையை அமெரிக்க நாட்டு யூஜின் கார்ஃபீல்ட் என்பார் 1955 ஆம் ஆண்டில் எடுத்துரைத்தனர். 1964 இல் அறிவியல் மேற்கோள் அட்டவணை ஒன்றும் வெளியிட்டனர். ஆராய்ச்சியாளன் தனக்கு வேண்டிய கட்டுரையை எளிதிற் கண்டடைதலே அதன் முதற்பயன். நூல்களையும் நூலகப் பணிகளையும் கணக்கியலான் அளந்தறிதல் வேண்டுமென்று, சீர்காழியிற் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராய் விளங்கிய எஸ். ஆர். இரங்கநாதன் அவர்கள் 1948 இலேயே கூறி, அதற்கு ‘லைப்ரமெட்ரி’ என்று பெயரும் இட்டனர். இவ்விருவரும் அளக்க விரும்பியது நூற்செல்வத்தை. பிற்காலத்தாரோ அவ்வளவுகோலைக் கொண்டே மக்களையும் அளக்கத் தலைப்பட்டனர்.

அவ்வளவைகளுள் இரண்டனை ஈண்டு விளக்குதும். ‘தாக்கக் காரணி’ என்பது பத்திரிகைக்கு உரியது. ஒரு பத்திரிகையில் முந்தை ஈராண்டில் வந்த கட்டுரைகள் இவ்வாண்டில் சராசரி எத்துணை முறை எடுத்தாளப்பட்டன என்பதே அது. ‘எச் சுட்டெண்’ என்பது ஆளுக்கு உரியது. ஹிர்ஷ் என்னும் பௌதிக அறிஞர் 2005 இல் வகுத்தது. ஒருவர் நாற்பது கட்டுரை எழுதி, அவற்றுட் பன்னிரண்டு கட்டுரைகள் ஒவ்வொன்றும் பன்னிரண்டு முறைக்குக் குறையாது எடுத்தாளப்பட்டு, பதின்மூன்று அவ்வாறு அமையாவிடின், அவரது எண் பன்னிரண்டு. கணக்கு எளிது, ஆயினும் அக்கணக்கினுள் அடங்குவது யாது, அடங்காதது யாது என்பதற்கு வெளிநாடு சென்று சான்று தேடவேண்டுவதில்லை, நம் ஊர்ப்புறத்திலேயே உண்டு.

ஆவடியில், ஆக்ரா நகரத்து ஜால்மா தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்தின் களப்பிரிவு ஒன்று இயங்கி வந்தது. அதனையும், சென்னையில் இருந்த மருத்துவப் புள்ளியியல் ஆராய்ச்சி நிலையத்தையும் 1999 இல் ஒன்றாக இணைத்தே தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் அமைக்கப்பட்டது. அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் நாம் நாள்தோறும் கடந்து செல்லும் நிலையம் அதுவே. ஆவடிக் களப்பிரிவின் பொறுப்பை ஏற்று நடத்திப் பின் அந்நிறுவனத்தின் முதல் இயக்குநராகவும் அமர்ந்தவர் டாக்டர் எம். டி. குப்தே அவர்கள்.

அவரும் அவருடன் உழைத்தோரும் செய்த பெருஞ்செயல் ஒன்றைக் கேண்மின். தொழுநோயைத் தடுக்கும் ஊசிமருந்து உண்டா என்றறிய, அக்காலத்துச் செங்கற்பட்டு மாவட்டத்தில் ஏறத்தாழ 3,00,000 மக்களை அணுகினர். அவருள் 2,16,000 பேர் ஊசிக்குத் தக்காரெனக் கண்டனர். 1,71,400 பேர் தாமே முன்வந்து கைநீட்டினர். நால்வகை மருந்து, ஐந்தாவது வெறும் உப்புநீர். எவர்க்கு எது சென்றது என்பதை இட்டாரும் அறியார், ஏற்றாரும் அறியார். அதன்பின் இருமுறை மீண்டும் சென்று, யார்க்கு நோய் கண்டது, யார்க்குக் காணவில்லை என ஆராய்ந்தனர். ஐ.சி.ஆர்.சி. என்னும் மருந்து நூற்றுக்கு 65.5 பங்கும், பி.சி.ஜி.யோடு கொல்லப்பட்ட தொழுநோய்க் கிருமி சேர்ந்தது 64 பங்கும், தனி பி.சி.ஜி. 34.1 பங்கும், எம்.டபிள்யூ. என்பது 25.7 பங்கும் காத்தன என்பது முடிபு. நோயின் கொடிய வடிவங்களை அவை தடுக்குமோ என்று துணிதற்கு, கண்ட நோயாளர் தொகை போதாதென்பதையும் மறையாது எழுதினர்.

பல்லாண்டு உழைப்பின் பயனாகிய இம்முடிபு 1998 இல் வெளிவந்தது. வெளிவந்த பத்திரிகை ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் லெப்ரசி’; ஹிந்த் குஷ்ட நிவாரண சங்கத்தார் நடத்துவது. இலண்டன், பாஸ்டன் பத்திரிகைகளோடு ஒப்பிடுங்கால் அதன் தாக்கக் காரணி மிகச் சிறிது. தொழுநோய் ஏழைகளின் நோயாதலின், அதனை ஆராய்வாரும் சிலர். ஆராய்வார் சிலராகவே எடுத்தாள்வாரும் சிலர். பணமுள்ள நாட்டாரை வருத்தும் நோய்பற்றி எழுதினார்க்கு மேற்கோள் மழையெனப் பொழியும். இத்தொகையை மட்டும் எண்ணின், 1,71,400 பேர் கைநீட்டிய பெருவேள்வி ஒரு கட்டுரையாய், ஓர் எண்ணாய்ச் சுருங்கிவிடும். ‘பன்னிரண்டு கட்டுரைக்கு ஒரு கட்டுரை ஈடாமோ?’ என்று நம் பரிசிற் குழுவினர் வினவின், குப்தே போல்வாரை யாம் எவ்வாறு காட்டி வாதிடுவோம்?

இதனினும் வியத்தகு செய்தி ஒன்றுண்டு. சென்னைச் சேத்துப்பட்டில் 1956 இல் தொடங்கிய காசநோய் வேதிமருத்துவ நிலையத்தார், 193 நோயாளரை ஆராய்ந்து, காசநோயாளரை வீட்டில் வைத்தே மருந்தளித்துக் குணப்படுத்தலாம் என்று 1959 இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் பத்திரிகையில் நிறுவினர். உலகெங்கும் காசநோய் மருத்துவமனைகளின் போக்கையே மாற்றிய கட்டுரை அது. அதன் ஆசிரியர் பெயராக முகப்பில் நிற்பது நிலையத்தின் பெயரே. சென்னைக்கு மேற்கே 1968 முதல் நடந்த பி.சி.ஜி. ஆராய்ச்சியும் அவ்வாறே கூட்டுப் பெயராற் புகழ்பெற்றது. பெரியோர்க்கு வரும் நுரையீரல் காசத்தை அவ்வூசி தடுக்கவில்லை என்னும் கசப்பான முடிபை 1979 இல் அஞ்சாது வெளியிட்டமையே அதன் சிறப்பு. இவ்வாறு கூட்டுப்பெயரில் மறைந்தாருடைய பங்கு எவருடைய எச் சுட்டெண்ணில் ஏறும்? தம் பெயர் கூறாது தொண்டு செய்தல் நம் முன்னோர்க்கும் வழக்கமே. பல பழம்பாடல்கட்குப் பாடினார் பெயர் தெரியாமையான் அவற்றின் பெருமை குறைந்ததில்லை.

அண்மைக் காலத்திலும் இதனைக் கண்டோம். கொரோனா பெருந்தொற்றின்போது, 2020 மே, ஜூன் மாதங்களில் 21 மாநிலங்களைச் சார்ந்த 70 மாவட்டங்களில் 28,000 பேரிடம் குருதி எடுத்து, பெரியவருள் நூற்றுக்கு 0.73 பேரே தொற்றுக்கு ஆளாயினர் என்று முதற்கணக்கு எடுக்கப்பட்டது. ஆகஸ்ட், செப்டம்பரில் எடுத்த இரண்டாங் கணக்கில், பத்து வயதும் அதற்கு மேற்பட்டாருமாயினாருள் அது 6.6 ஆயிற்று. அயப்பாக்கத்தாரே அப்பணியில் முன்னின்றனர். அவ்வாண்டு 39 மருத்துவமனைகளில் 464 நோயாளரிடத்து நடந்த பிளாஸ்மா சோதனையிலும் அவர்க்குப் பங்குண்டு; அச்சிகிச்சையாற் பயனில்லை என்பது அதன் முடிபு. பிளாஸ்மா வேண்டி எத்துணைக் குடும்பங்கள் தெருத்தெருவாய் அலைந்தன என்பது நினைவிருக்குமன்றோ? 2021 மே மாதத்தில் அரசினர் தம் சிகிச்சை நெறியினின்று அதனை நீக்கினர். அவ்வலைச்சல் ஒழிந்ததே அவ்வாராய்ச்சியின் உண்மை மேற்கோள் என்போம்.

இனி, தொகையை எண்ணுவதால் விளையுங் கேடுகளையும் கூறுதல் கடமை. எதனை எண்ணிப் பரிசளிக்கின்றோமோ, அதனையே மக்கள் பெருக்குவர். தம் கட்டுரையைத் தாமே எடுத்தாளல், ஒரு கல்லூரியார் தம்முள் மாறி மாறி எடுத்தாளல் ஆகியவற்றால் எண் வளரும். தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்றில் இத்தகைய வழக்கம் மிகுந்துள்ளமை குறித்து 2023 இல் ‘சயின்ஸ்’ பத்திரிகை விரிவாய் எழுதியதை அறிந்தோர் அறிவர். கூலிக்குக் கட்டுரை புனைந்து, ஆசிரியர் பெயரை விலைக்கு விற்பாரும் உளர். 1998 இல் ‘லான்செட்’டில் தடுப்பூசிக்கும் ஆட்டிச நிலைக்கும் தொடர்பு கூறி, பொய்யெனத் தெரிந்து 2010 இல் நீக்கப்பட்ட வேக்ஃபீல்டின் கட்டுரையும் மிகுதியாக எடுத்தாளப்பட்டதே, மறுத்தற்பொருட்டு எடுத்தாண்டாரே பலர். 2012 இல் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரிற் கூடிய அறிஞர்கள், பத்திரிகையின் தாக்கக் காரணியைக் கொண்டு தனி ஆராய்ச்சியாளரை மதிப்பிடலாகாதென்று பிரகடனம் இயற்றியது இவற்றையெல்லாம் கருதியேயாம்.

நம் சங்கம் வழங்கும் பரிசில் தொகையிற் சிறிதாயினும், அதனால் ஊக்கம் பெறும் பிள்ளைகள் நம் பிள்ளைகள். ‘எண்ணைக் கூட்டுக, பரிசில் வரும்’ என்று நாமே அவர்கட்குக் கற்பித்தல் தகுமோ? விலைக்குப் பெயர் வாங்கப் பெற்றோர் கடன்படும் நிலைக்கு நம் விதியே காரணமாதல் கூடாது. ஆதலின், விண்ணப்பம் செய்வாரிடம் கட்டுரைத் தொகையைக் கேளாது, தாம் சிறந்ததெனக் கருதும் ஒரே கட்டுரையைக் கேட்போமாக. அதில் தாம் செய்த பங்கு யாது, உடன் உழைத்தார் யாவர், எந்நோயால் வருந்துவார்க்கு அதனாற் பயன், தாம் எதிர்பார்த்ததற்கு மாறான முடிபு வந்ததாயின் அதனையும் வெளியிட்டனரா என்னும் நான்கையும் தமிழில் எழுதித் தரச் செய்வோமாக. அதனை, நம் உறவினரல்லாத மருத்துவ அறிஞர் இருவரைக் கொண்டு படிப்பிப்போமாக.

உறவினரல்லாதார் என்று ஏன் கூறினோமெனின், தம் கட்டுரையைத் தாமே எடுத்தாள்வாருக்கும், தம் சமூகத்தாரையே தாம் புகழ்ந்துகொள்ளும் சங்கத்தார்க்கும் வேறுபாடு சிறிதே. செங்கற்பட்டு மாவட்டத்து ஊர்களிற் கைநீட்டியோர் எல்லாச் சமூகத்தாருமே. உப்புநீரும் மருந்தும் சாதி நோக்கிப் பகுக்கப்படவில்லை. அவர் பெயரெல்லாம் எக்கட்டுரையின் முகப்பிலும் இல்லை. அவர்க்கு நாம் பட்ட கடனைத் தீர்க்கும் வழி, உண்மையாய் உழைக்கும் ஆராய்ச்சியாளரை நம்மிடையே உண்டாக்குதலே.

ஆகவே, நிர்வாக சபையார் முன்மொழிந்த விதியைத் திருத்தி இயற்றுமாறு பணிவுடன் வேண்டிக்கொள்கின்றோம். திருமுல்லைவாயில் மாசிலாமணியீசர் திருவருள் நம் இளைஞர்க்கும் நம் சங்கத்திற்கும் துணைநிற்க எனப் பரவி அமைகின்றோம்.