நாட்குறிப்பும் நாவலும்

சென்ற பாடசாலை விடுமுறையில் நான் படித்த நூல்கள் சிலவற்றைப் பற்றி இன்று சொல்ல எண்ணுகின்றேன். ஒரு துறையையே பற்றிக்கொண்டு படிக்கும் பழக்கம் எனக்கு இல்லை. பயண நூல், சுயசரிதம், நாவல், அரசாங்க அறிக்கை என்று அகப்பட்டதையெல்லாம் படிப்பவன் நான். இம்முறை அகப்பட்டவற்றுள் மூன்று நூல்கள் ஒரே மனிதர் எழுதியவை. அம்பாந்தோட்டைப் பிரதேசமே மூன்றிலும் முக்கிய இடம் பெறுகின்றது. ஆயினும் ஒவ்வொன்றும் ஒவ்வோர் இனம்.

அம்மனிதர் லெனார்ட் வூல்ஃப். 1904இல் சிவில் சேவை உத்தியோகத்தராக இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் கடமை பார்த்து, 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர். அப்பதவியில் இருந்தோர் தம் அலுவல்களை நாட்குறிப்பாக எழுதி மேலிடத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அவர் எழுதியவை 1962இல் நூலாக வெளிவந்தன. உப்புச் சேகரிப்பு, சேனைப் பயிர், மாடுகளை வாரிக்கொண்டுபோன கொள்ளைநோய் என்று பக்கத்துக்குப் பக்கம் காரியமே பேசப்படுகின்றது. எழுதியவர் அயராத உழைப்பாளி, கண்டிப்பானவர் என்பது தெளிவு. சேனை செய்வோரைப் பற்றி நிறைய அறிகின்றோம்; அவர்களுள் ஒருவனுடைய முகமேனும் என் மனத்தில் தங்கவில்லை.

அதே கை எழுதி 1913இல் வெளிவந்த ஆங்கில நாவல், காட்டினுள் அமைந்த ஒரு சிற்றூரின் கதை. சிலிந்து என்னும் வேட்டைக்காரன், இரட்டையராய்ப் பிறந்த அவனுடைய பெண்மக்கள் இருவர், ஊர் விதானை, கடன் கொடுக்கும் வியாபாரி ஆகியோரே முக்கிய பாத்திரங்கள். நாட்குறிப்பிலே சேனை வெட்டும் அனுமதி ஒரு விதி. நாவலிலே அது விதானையின் கையிலுள்ள சுருக்குக் கயிறு. அவன் சீட்டை மறுத்தால் ஒரு குடும்பத்தின் அடுப்பு அணைந்துபோம். பொய் வழக்கொன்றில் சிலிந்துவும் அவன் மருமகன் பாபுனும் நீதிமன்றில் நிற்கும் அத்தியாயத்தை இருமுறை படித்தேன். வெள்ளைக்கார நீதவானுக்கு ஐயம் எழுகின்றது. ஆயினும் சாட்சியம் சாட்சியமே. குற்றமற்ற பாபுன் சிறை செல்கின்றான். அத்தகைய ஆசனத்தில் தாமே அமர்ந்து வழக்குக் கேட்டவர், குற்றவாளிக் கூண்டில் நின்றவனின் திகைப்பை எழுதியிருக்கின்றார்.

நானும் பல்லாண்டுகளாகப் பதிவேடு எழுதுபவன். "வரவு குறைவு" என்று இரண்டு சொற்களில் எழுதிவிடுகின்றோம். வெள்ளத்தில் வீடிழந்த பிள்ளை, சூடடிப்புக்குத் தாயோடு போன பிள்ளை, பசியோடு படுத்துக்கிடந்த பிள்ளை எல்லாரும் அவ்விரு சொற்களுக்குள் ஒன்றாகிவிடுகின்றனர். பதிவேட்டை நான் பழிக்கவில்லை. அஃதின்றிப் பாடசாலை நடவாது. ஆனால் அது சொல்லாமல் விட்டதைக் கேட்பதற்கு வேறோர் எழுத்து வேண்டியிருக்கின்றது.

நாவலிலும் எனக்கு ஒரு குறை உண்டு. அவ்வூரில் சிரிப்பொலி மிகக் குறைவு. எத்துணை வறிய ஊராயினும் மாலையில் நான்குபேர் கூடினால் ஒரு பகிடியேனும் பிறவாதா? அதிகாரியின் குதிரை ஊரெல்லையைத் தாண்டிய பின்னர் எழும் சிரிப்பை அவர் எங்ஙனம் கேட்டிருப்பார்!

மூன்றாவது நூல், 1961இல் வெளிவந்த அவருடைய இலங்கை நினைவுகள். அரை நூற்றாண்டு கழித்து, ஏகாதிபத்தியத்தை வெறுத்த முதியவர் ஒருவர், தாம் ஆட்சி செய்த இளமையை விசாரணை செய்கின்றார். நடை இனியது. எனினும் அன்றைய மனத்தை அறிய நான் நாட்குறிப்புக்கே திரும்புவேன்.

இவற்றோடு சேர்த்து, 1681இல் அச்சான றொபேட் நொக்ஸின் நூலையும் மறுபடி படித்தேன். இவரும் ஆங்கிலேயரே, ஆனால் அதிகாரம் சிறிதும் இல்லாதவர். 1660இல் கொட்டியாரக் குடாவிற் பிடிபட்டு, 1679இல் தப்பும்வரை கண்டி இராச்சியத்திற் சிறையிருந்தவர். தொப்பி பின்னி விற்றும் நெல்லைக் கடன் கொடுத்தும் பிழைத்தார். அயலவரோடு ஒரே தரையில் இருந்து கண்டபடியால், அவர்கள் உண்பதையும் உடுப்பதையும், தாளிப்பனை ஓலையை மழைக்குப் பிடிப்பதையும் அண்மையில் நின்று சொல்ல அவரால் முடிந்தது. அவர்களைப் பற்றிய கடுஞ்சொற்களும் உண்டு. அவற்றையும் அயலவன் பேச்சாகவே கொள்ளலாம். நெடுங்காலம் இரண்டே சமய நூல்களைத் திரும்பத் திரும்பப் படித்து ஏறக்குறைய மனனம் செய்துவிட்ட அவரிடம், முதியவர் ஒருவர் ஆங்கில வேதாகமம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். அதற்கு நொக்ஸ் கொடுத்த விலை ஒரு பின்னல் தொப்பி.

மேல்வகுப்பு மாணவர்கள் வூல்ஃபின் நாவலிலிருந்து தொடங்கலாம். நாட்குறிப்பைப் படிக்கப் பொறுமை வேண்டும். அதை ஆசிரியர்களுக்கும் உத்தியோகத்தர்களுக்கும் சிபார்சு செய்கின்றேன்.