உயிர்த்த ஞாயிறும் நமது விருந்து மேசையும்

(பினாங்கு ஜார்ஜ்டவுனில் கூடிய தோட்டப் பெண்களிடையே நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



ஈஸ்டர் எனப்படும் உயிர்த்த ஞாயிறன்று விருந்து மேசையின் நடுவே வைக்கும் அலங்காரத்தை வீட்டிலேயே எப்படிச் செய்து கொள்வது என்பதைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். பால் வெட்டி வயிறு வளர்க்கும் குடும்பங்களுக்கு மேசை அலங்காரம் எதற்கு என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணத்தில் நியாயம் இருக்கிறது. ஆகவே செலவைப் பற்றியே முதலில் பேசிவிடுகிறேன்.

மார்ச் 21ஆம் நாளிலோ அதற்குப் பின்னரோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறே ஈஸ்டர் என்பது மேலைத் திருச்சபைகளின் கணக்கு. அதனால் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் அத்திருநாள் நகர்ந்துகொண்டே இருக்கும். 2025இல் ஏப்ரல் 20ஆம் நாளும், 2026இல் ஏப்ரல் 5ஆம் நாளும் அதற்கு உரியவை. இந்தக் காலம் நமக்கு எத்தகைய காலம்? வடபகுதியில் பால்மரங்கள் இலையுதிர்த்துத் தளிர்விடும் பருவத்தை ஒட்டிய காலம். பால் சுருங்கிவிடும், தளிர் முற்றும்வரை வெட்டையே நிறுத்தி வைப்பதும் உண்டு. வருமானம் மெலிந்த வேளையில் திருநாள் வருகிறது. கடையில் விற்கும் நெகிழி முயலையும் காகித அல்லியையும் வாங்கிப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென்றால் கடன்தான் வாங்க வேண்டும். மரம் உதிர்த்துப் போட்டதையும் வீட்டில் கிடப்பதையும் கொண்டே செய்வோமாயின் சில வெள்ளிகளுக்குள் வேலை முடியும்.

இவ்வூரில் இத்திருநாளுக்கு நீண்ட வரலாறு உண்டு. பார்க்குவார் வீதியிலுள்ள விண்ணேற்பு அன்னை ஆலயத்தின் சபை 1786இல், கெடாவிலிருந்து வந்த யுரேசியக் கத்தோலிக்கரால் தொடங்கப்பட்டது. அதே வீதியில் ஆங்கிலிக்கரின் செயின்ட் ஜார்ஜ் ஆலயம் 1818இல் எழுந்தது. பினாங்கு சாலையிலுள்ள புனித சவேரியார் ஆலயம் தமிழ்க் கத்தோலிக்கருக்கென உருவானது. புனித வெள்ளி சபா, சரவாக் மாநிலங்களில்தான் பொது விடுமுறை, தீபகற்பத்தில் இல்லை. ஆதலால் நம் பெண்கள் காலையில் வேலைக்குப் போய், மாலையில் ஆலயம் சென்று, இரவில்தான் திருநாள் வேலைகளைக் கவனிக்கிறார்கள். நான் சொல்லப்போகும் முறை அந்த நேர நெருக்கடிக்கு ஏற்றது. தவக்காலம் முழுவதும் சிறிது சிறிதாகச் செய்து வந்தால் கடைசி நாளில் அடுக்கி வைப்பது மட்டுமே மிஞ்சும்.

தொடக்கம் திருநீற்றுப் புதன். பூச்சி அரிக்காத முற்றிய ரப்பர் இலைகளை நாற்பது ஐம்பது பொறுக்கி ஒரு வாளி நீரில் அமிழ்த்தி, மேலே கல் வைத்துவிடுங்கள். மூன்று நான்கு வாரங்களில் இலையின் சதை அழுகிக் கழன்று வரும். தட்டில் சிறிது நீர் விட்டு, இலையைப் பரப்பி, பழைய மென்மையான பல் தூரிகையால் தட்டித் தட்டித் தேய்த்தால் சதை நீங்கி, சிலந்தி வலைபோல நரம்பு மட்டும் எஞ்சும். பழைய செய்தித்தாளுக்கு நடுவே வைத்து உலர்த்தினால் ஒளி ஊடுருவும் மெல்லிய இதழ் ஒன்று கிடைக்கும். ஐந்தாறு இதழ்களை மெல்லிய கம்பியில் சுற்றிக் கட்டினால் பூவாகும். மலேசியாவிலும் தாய்லாந்திலும் இதைக் கைத்தொழிலாகவே செய்து விற்பவர்கள் உண்டு.

இங்கே மூன்று எச்சரிக்கைகளைச் சொல்லாமல் போக மாட்டேன். வாளியை மெல்லிய துணியால் இறுகக் கட்டி மூட வேண்டும். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு ஒரு வாரம் பத்து நாளிலேயே முட்டையிலிருந்து முழுக் கொசுவாகிவிடும். 1975ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டத்தின்படி கொசு வளர இடந்தருவது குற்றம். டிங்கிக் காய்ச்சலில் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டிற்குச் சட்டத்தை நினைவூட்ட வேண்டியதில்லை. அடுத்து, வேலை விரைவாக முடியும் என்று காஸ்டிக் சோடாவில் இலையை வேகவைப்போர் இருக்கிறார்கள். ஒரு துளி தெறித்தால் கண் போய்விடும். லயத்துச் சமையலறையில் அது வேண்டவே வேண்டாம். மூன்றாவது, நரம்பை வெண்மையாக்க வெளுப்பு நீர் பயன்படுத்துவதானால், நிறைய நீர் கலந்து, காற்றோட்டமான வெளியிடத்தில் தனியாகப் பயன்படுத்துங்கள். பால் உறையவைக்கும் அமிலமும், பால் உறையாமல் காக்கும் அமோனியாவும் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை. காடியும் அப்படியே. இவற்றில் எதனோடு வெளுப்பு நீர் சேர்ந்தாலும் மூச்சை அடைக்கும் நச்சு வாயு கிளம்பும். என்னைக் கேட்டால், வெளுக்காத நரம்பின் தேன் நிறமே அழகு.

அலங்காரத்தை வைக்கப் பாத்திரம் தேட வேண்டியதில்லை. பால் மங்கு இருக்கிறதே! நெகிழி மங்குகள் வருவதற்கு முன் பயன்பட்ட பழைய பீங்கான் மங்கு ஒன்று வீட்டில் கிடந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. நன்கு கழுவி, மண் நிரப்புங்கள். குருத்தோலை ஞாயிறு இரவில் ஒரு பிடி பச்சைப் பயற்றை ஊறவைத்து, மறுநாள் மண்ணின்மேல் நெருக்கமாகத் தூவி, நீர் தெளித்து வாருங்கள். மங்கில் ஓட்டை இல்லையாதலால் நீர் அளவாகவே இருக்கட்டும். பெரிய சனிக்குள் விரல் நீளத்துக்கு மேல் பசும்புல் போல் எழுந்து நிற்கும். மாரியம்மன் திருவிழாவின் முளைப்பாரியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதன்று. ஐரோப்பாவிலும் கோதுமையை முளைக்கவிட்டு ஈஸ்டர் மேசையில் வைக்கும் வழக்கம் உண்டு. மண்ணுக்குள் போன விதை உயிர்த்தெழுவதைப் பிள்ளைகளுக்கு இதைவிடத் தெளிவாக எப்படிக் காட்டுவது?

குருத்தோலை பற்றி ஒரு வார்த்தை. ஆலயத்தில் மந்திரித்த ஓலையை அலங்காரத்துக்கு எடுக்கக் கூடாது. அது வீட்டுப் பீடத்தில் இருந்து, அடுத்த ஆண்டு திருநீற்றுப் புதனுக்குச் சாம்பலாக வேண்டியது. மேசைக்குத் தனி ஓலை வேண்டும். அதையும் ஒரே தென்னையில் திரும்பத் திரும்ப வெட்டாதீர்கள். குருத்தில் காயம்பட்ட மரத்தைச் செங்கூன் வண்டு தேடி வரும். ஓலையில் கிளியும் பந்தும் பின்னத் தெரிந்த பாட்டிமார் குறைந்து வருகிறார்கள். லயத்தை விட்டு அடுக்குமாடிக்குப் போன குடும்பங்களில் அந்த விரல் வித்தை ஒரு தலைமுறையோடு நின்றுவிடும் என்ற அச்சம் எனக்கு உண்டு. பாட்டி இல்லாத வீட்டார் பக்கத்து மலாய்க்காரக் குடும்பத்தைக் கேளுங்கள். கெத்துப்பாட் கூடு பின்னுவதும் இதே ஓலையில்தான். அக்கூட்டின் ஒரு முனையைத் திறந்து விட்டால் ஒரு முட்டைக்கு அளவான கூடை ஆகிவிடுகிறது.

முட்டைக்கு நிறம் கொடுக்கக் கடைச்சாயம் தேவையில்லை. பெரிய வெங்காயச் சருகோடு வேகவைத்தால் செம்பழுப்பு; மஞ்சள் தூளில் பொன்னிறம். இவ்விரண்டிலும் ஒரு கரண்டி காடி சேர்த்தால் நிறம் நன்கு பிடிக்கும். சங்குப்பூ நீரில் ஓரிரவு குளிர்பெட்டியில் ஊறவிட்டால் நீலம் வரும். அதில் மட்டும் காடி சேர்க்காதீர்கள், ஊதாவாகிவிடும். சிவப்பு முட்டை வேண்டுமானால் சீன அண்டை வீட்டாருக்குத் தெரியும். குழந்தையின் முழுமாத விருந்துக்கு அவர்கள் அதைச் செய்வது வழக்கம். கிரேக்கக் கிறிஸ்தவர்களும் ஈஸ்டருக்குச் சிவப்பு முட்டையையே வைக்கிறார்கள். நம் வெயிலில் அவித்த முட்டை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தால் பிறகு தின்னக் கொடுக்காதீர்கள்.

இனி அடுக்குவது எளிது. நடுவில் முளைவிட்ட மங்கு, சுற்றிலும் ஓலைக் கூடையில் முட்டைகள், இடையிடையே நரம்புப் பூக்கள். புள்ளிபோட்ட ரப்பர் விதைகள் குருவி முட்டைபோல் அழகு சேர்க்கும். ஆனால் அதன் பருப்பில் சயனைட்டு உண்டாக்கும் பொருள் இருப்பதால் சிறு பிள்ளைகள் உடைத்துத் தின்னாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அரளிப்பூ நஞ்சு, உணவருகே கூடாது. கெம்போஜாப் பூவை இடுகாட்டுப் பூ என்று பெரியவர்கள் ஒதுக்குவார்கள். கல்லறை வெறுமையான நாளைக் கொண்டாடுவோருக்கு அதில் என்ன தடை என்று எனக்குத் தோன்றுவதுண்டு. எனினும் வீட்டில் பெரியவர் மனம் நோக வேண்டாம், காகிதப்பூவை வையுங்கள்.

உயரம் ஒரு முழத்துக்குக் குறைவாக இருக்கட்டும். எதிரில் இருப்பவர் முகம் மறையக் கூடாது. பாயில் அமர்ந்து வாழையிலையில் உண்ணும் வீடானால் மங்கும் நான்கு முட்டையுமே போதும். மெழுகுதிரி ஏற்றுவோர் கண்ணாடிக் குவளைக்குள் ஏற்றுங்கள். காய்ந்த ஓலையும் இலை நரம்பும் நொடியில் பற்றிக்கொள்ளும்.

திருநாள் முடிந்ததும் முளையைக் கோழிக்குப் போட்டு, நரம்புப் பூக்களை ஈரம் படாத தகரப் பெட்டியில் வைத்தால் அடுத்த ஆண்டும் பயன்படும். விதைகள் ஆகஸ்டு, செப்டம்பரில் வெடித்து விழும்போது பிள்ளைகளை அனுப்பிப் புதிதாகப் பொறுக்கிக் கொள்ளலாம்.